ஐம்பது வருஷ பேட்டரியும் இடது முழங்காலும்

பேட்டரிக்காரர் நல்ல பேட்டரி எதையும் தொழில் முறையில் பார்த்ததில்லை. நல்லதாக இருந்தால் அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? கரண்ட் போய், இன்வெர்ட்டர் நாலு தடவை கத்தி, ஃபேன் தள்ளாடி நின்று, வீட்டுக்காரர் வியர்த்து வழிந்த பிறகுதான் அவருக்குப் போன் வரும். ஸ்கூட்டரில் டிஸ்டில்டு வாட்டர் கேனை வைத்துக்கொண்டு கிளம்புவார். அவருடைய சட்டைகளில் ஆசிட் தின்றது போக மிச்சம் இருப்பதை அவர் உடுத்திக்கொள்வார்.

அவர் பையில் ஒரு கருவி உண்டு. இரண்டு கொம்பு, நடுவில் கம்பிச் சுருள், மேலே ஒரு முள். வீட்டுக்காரர்கள் தங்கள் மீட்டரை நீட்டி, "பன்னெண்டரை வோல்ட் காட்டுதே, நல்லாத்தானே இருக்கு?" என்று வாதாடுவார்கள்.

"சும்மா உக்காந்திருக்கிற பேட்டரி எல்லாம் பன்னெண்டரை காட்டும் சார். வேலை குடுத்துப் பாருங்க, வண்டவாளம் தெரியும்" என்பார். கொம்புகளை ஊன்றுவார். சுருள் சிவக்கும், முள் பொத்தென்று சாயும். அவர் கண்ணாடியைக் கழற்றி, பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டுவார். அன்றைய நாளில் அவருக்குக் கிடைக்கிற ஒரே சந்தோஷம் அதுதான்.

அவர் மனைவிக்கு ஒரு துணிக்கடையில் வேலை. உட்கார்ந்தால் வாடிக்கையாளர் மனம் புண்படும் என்று முதலாளி நம்பியதால் அங்கே நாற்காலி கிடையாது. நின்று நின்று இடது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ சைக்கிள் வைத்திருந்தார்கள். முழங்காலுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வங்கியில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதைத் தட்டி எழுப்பியவன் மச்சினன். மனைவியின் தம்பி. செல்போன் கடையில் கண்ணாடி மாற்றுகிறவன். உலகப் பொருளாதாரம் அவன் கைக்குள் இருந்தது, பெரும்பாலும் உடைந்த திரை வழியாக.

"மாமா, காசு சைஸ்ல ஒரு பேட்டரி. அணுசக்தி. ஐம்பது வருஷத்துக்கு சார்ஜே போட வேணாம்."

"தண்ணி?"

"ஊத்த வேணாம்."

"ஆசிட்?"

"பேச்சே இல்ல."

"அப்ப என் வேலை?"

"அதுக்குத்தான் மாமா வந்திருக்கேன். உங்க பொழப்புல மண்ணு விழறது உறுதி. விழற மண்ணுல நாமளும் ஒரு பங்கு வாங்கிப் போட்டுருவோம்."

பேட்டரிக்காரர் யோசித்தார். "எத்தனை ஃபேன் ஓடும்?"

"இப்போதைக்கு ஃபேன் ஓடாது."

"லைட்டு?"

"சின்னதா ஒண்ணு எரியும்னு எதிர்பார்க்கிறாங்க. சின்னக் கம்பெனிதானே மாமா. போன வருஷம் வரைக்கும் இறால் பதப்படுத்திக்கிட்டு இருந்தாங்க."

இறாலிலிருந்து அணுவுக்குத் தாவியவர்கள் சாதாரணமானவர்களாக இருக்க முடியாது என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். மனைவியைக் கேட்டார்கள்.

"என் முழங்கால் காசுதானே?"

"மூணே மாசம்க்கா. ரெட்டிப்பாயிடும். ரெண்டு காலையும் மாத்திக்கலாம்."

"வலது கால் நல்லாத்தான்டா இருக்கு" என்றாள் அவள். பிறகு கணவனைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பேட்டரி பாத்துச் சொல்றவரு நீங்க. நீங்க பாத்துச் சொன்னா சரி."

அவர் பார்த்தார். அதாவது, போன் திரையில் விலையைப் பார்த்தார். ஏறியிருந்தது. மறுநாள் பார்த்தார், இன்னும் ஏறியிருந்தது. முழங்கால் காசு முழுக்கப் பங்காக மாறியது. பேட்டரி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் நேரத்திலும் ஒரு கண் போனில் இருந்ததால், ஒரு வீட்டில் பேட்டரியோடு சேர்த்து மிதியடிக்கும் ஊற்றிவிட்டார். விலை ஏற ஏற ஆபரேஷனும் வளர்ந்தது. பொது வார்டு தனி அறையானது, தனி அறைக்கு ஏசி வந்தது, ஏசிக்கு ஜன்னல் வழியே ஒரு மரமும் வந்தது. அவள் மட்டும் வலது காலை முதலில் வைத்து, இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அதே படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். விற்றுவிடலாம் என்று மச்சினனை வரவழைத்தார். அவன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து போனைத் தட்டினான். மறுபடி தட்டினான்.

"என்ன மாப்ளே?"

"வாங்க ஆள் இல்ல மாமா."

"விலை போட்டிருக்கே?"

"விலை இருக்கு. ஆள் இல்ல."

விலையைக் கொஞ்சம் குறைத்து விற்கப் பார்த்தான். ஒரே நாளில் இறங்கக்கூடிய எல்லை வரை விலை ஒரு படி சரிந்து அங்கேயே பூட்டிக்கொண்டது. மறுநாள் விடிந்ததும் இன்னொரு படி. அதற்கு மறுநாள் இன்னொன்று. அணுவின் சக்தி பாதியாகக் குறையப் பல வருஷம் ஆகுமாம். பங்கு அதைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது.

"இத்தனை நாள் ஏறுச்சே, யாருடா வாங்கினா?"

"தினம் யாரோ நாலு பேரு, ஆளுக்குக் கொஞ்சம். நம்மள மாதிரி. யாரும் விக்கலை, அதனால ஏறுச்சு."

 பேட்டரிக்காரர் கதவோரம் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து இரண்டு கொம்புகள் எட்டிப் பார்த்தன. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் சொன்னதை தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிட்டார். சும்மா உட்கார்ந்திருந்த விலையை, ஒரு பங்கைக்கூட விற்றுப் பார்க்காமல், மூன்று மாதம் பன்னிரண்டரை பன்னிரண்டரை என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் திணறுவதைக் கண்டு மனைவி வாங்கிக்கொண்டாள். "தள்ளி வச்சிருங்கம்மா. எப்பன்னு நாங்களே சொல்றோம்." வைத்துவிட்டு, "அந்த மரத்தை வேற யாராவது பாத்துக்கட்டும்" என்றாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவளை வேலைக்கு இறக்கிவிடக் கிளம்பினார். அவர் ஒரு படி கீழே, அவள் ஒரு படி மேலே, அவள் கை அவர் தோளில். இரண்டாவது மாடியில் போன் அடித்தது. மச்சினன்.

"மாமா, கம்பெனி பேரை மாத்திட்டாங்க. இனிமே பேட்டரி இல்லையாம். விண்வெளியில விவசாயம். அவசரப்பட்டு வித்துராதீங்க."

"விக்க முடிஞ்சாத்தானேடா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏறுதா?"

"லேசா மாமா."

அவர் அங்கேயே நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைத் தேய்த்தார். இடது காலை எடுத்துக் கீழ்ப்படியில் வைக்கப் போனவள், தோள் நகராததால், பாதியில் நிறுத்தினாள். நின்று அவளுக்குப் பழக்கம். நின்றாள்.