ஜெகதாப்பட்டினத்தில் ஆரஞ்சு நிறக் கார்

ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம். ஐஸ் பிளாண்டுக்கு எதிரே, தரையோடு படுத்துக் கிடக்கிறது இரவல் வாங்கி வந்த ஆரஞ்சு நிற சூப்பர் கார். கதவு மேல்நோக்கித் திறந்து நிற்கிறது. கார்களை விமர்சித்து வீடியோ போடுவது என் பிழைப்பு. நண்பன் செல்போனில் எடுக்க, நான் பேசுகிறேன்.

"சிட்டிக்குள்ள ஓட்டுற குட்டிக் காரெல்லாம் சோப்பு டப்பாங்க. இதுதான் டிசைன்!"

படகுகளின் பக்கமிருந்து பெண்கள் சிலர் ஓடி வருகிறார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாருங்க, வண்டியப் பாக்க ஊரே ஓடி வருது!"

முதலில் வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. அவர் காரைப் பார்க்கவே இல்லை.

"சார், எங்க ஆளுங்கள விட்டுட்டாங்களா?"

"யாரை?"

"எல்லை தாண்டுனாங்கன்னு கடல்ல புடிச்சிட்டுப் போனாங்கள்ல, எங்க வீட்டு ஆளுங்க. பெரிய வண்டி இங்கிட்டு திரும்பவும், ஆபீசர்தான் சேதி கொண்டாராருன்னு ஓடியாந்தோம்."

வீடியோ எடுக்க வந்தோம் என்கிறேன்.

"அதுக்கென்ன, எடுங்க தம்பி," என்கிறார் அவர். பிறகு மற்றவர்களிடம், "அங்கிட்டு தள்ளி நில்லுங்கடி, வண்டிய மறைக்காதீங்க."

எல்லாரும் ஒதுங்குகிறார்கள். நான் பேசட்டும் என்று சத்தம் போடாமல் நிற்கிறார்கள்.