கைத்தாளம் அந்த அக்காவின் மடியில் இருந்தபோது

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, சுங்கை ரம்பாய் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது இது. ஞாயிறு மாலை பஜனை முடிந்ததும், பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். பஜனைக்குத் தட்டிய கைத்தாளம் கை மாறிக்கொண்டே வரும். அது யாரிடம் இருக்கிறதோ அவர் மனதில் உள்ளதைப் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும்; பதில் சொல்லக் கூடாது, புத்திமதி கூடவே கூடாது. பேசி முடித்தவர் தாளத்தை ஒரு முறை தட்டுவார். எல்லாரும் கண்ணை மூடி அவருக்காக வேண்டிக்கொள்வோம்.

நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு நிம்மதி. வட்டத்தில் சிலர் மருமகளைப் பற்றியே அரை மணி நேரம் பேச, கடைசியில் இருப்பவர்களுக்கு முறையே வராமல் போனது. "நீதான் இஞ்சினியராச்சே, நீயே டைம் பாரும்மா" என்றார்கள். ஆளுக்கு நான்கு நிமிடம் வைத்தேன். கைப்பேசியில் மணி அடிக்கும். "ஃபேக்டரி சங்கு ஊதிருச்சு, எந்திரிங்கடி" என்று கேலி செய்தாலும் ஒத்துழைத்தார்கள்.

அந்த ஞாயிறு, பள்ளி கேண்டீனில் வேலை செய்யும் ஓர் அக்காவின் முறை. எப்போதும் கலகலப்பாக இருப்பவர். கைத்தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு "எனக்கு..." என்று ஆரம்பித்தார். அப்புறம் பேச்சே இல்லை. தாளத்தின் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். யாரும் அசையவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இன்னும் ஐந்து பேர் பாக்கி. மணி அடித்ததும், "பரவால்லக்கா, அடுத்த வாரம் பேசுங்க" என்று தாளத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். அக்கா சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வருகைக் குறிப்பில் அவர் பெயருக்கு நேரே 'பேசவில்லை' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. குறிப்பில் இரண்டு வெற்றிடம் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

"பசியாறிட்டியா?" என்றபடி தேநீர் கலந்து கொடுத்தார்.

"அன்னிக்கி நீங்க பேசி முடிக்கலயேக்கா."

"எங்க முடிக்கிறது? நீதான் பிடுங்கிட்டியே லா" என்று சிரித்தார். தன் கோப்பையோடு என் எதிரே உட்கார்ந்தார்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். தேநீரில் ஆடை படிந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது.

"மார்ல ஒரு கட்டி இருக்கும்மா. மூணு மாசமாச்சு. இவருக்குக்கூடத் தெரியாது. அன்னிக்கி உங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா, அப்புறம் டாக்டர்கிட்ட போகாம பயந்துகிட்டு வீட்டுல இருக்க முடியாதுல்ல, அதான் வந்தேன்."

என் தலைக்குள் பட்டியல் ஓட ஆரம்பித்தது: கிளினிக், ஸ்கேன், கணவரிடம் யார் சொல்வது. வாயை மூடிக்கொண்டேன். அவர் அழுது முடித்து முகம் கழுவி வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"திங்கக்கிழமை நான் லீவு போடறேன். காடிய ஓட்டிட்டு வரேன், கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகட்டுமாக்கா?"

"மணி வைக்காம வந்தா வரேன்."

அது புற்றுநோய்தான். அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். நான் வீணடித்த வாரங்களைப் பற்றி அந்த மருத்துவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா இப்போது மறுபடி வட்டத்துக்கு வருகிறார், மருமகள் கதைகளுக்குத் தாராளமாகச் சிரிக்கிறார். இப்போது நான் மணி வைப்பதில்லை; முறை வராதவர் அடுத்த வாரம் முதலில் பேசுகிறார். அவ்வளவுதான் தேவைப்பட்ட தீர்வு.

இன்றும் யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால் என் கை கைப்பேசியைத் தேடுகிறது; உடனே 'பேசவில்லை' என்று நான் எழுதிய வரி கண்முன் வருகிறது. அவர் அன்று பேசிக்கொண்டுதான் இருந்தார், கேட்கத் தெரியாதவள் நான்தான்.