பாஞ்சாலி கான்ட்ராக்டர் பிடித்த வரலாறு

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடியில் இருக்கும் பாஞ்சாலி நல்ல உயரம். அவள் வீட்டு அடுப்பு மேடையோ, கட்டியவர்கள் யாரை மனதில் வைத்துக் கட்டினார்களோ தெரியாது, அவள் இடுப்புக்கும் கீழே நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குனிந்தே சமைத்ததில் அவள் முதுகு போய்விட்டது. டாக்டர் மாத்திரைகூட எழுதவில்லை. முதலில் மேடையை உயர்த்தும்மா என்றார்.

இதில் சிரமமே இருந்திருக்கக் கூடாது. அவள் கணவர் பொன்னுரங்கம், அடையாறு வட்டாரத்தில் சமையலறைகளையும் குளியலறைகளையும் மாற்றிக் கட்டித் தருவதில் பெயர்பெற்ற கான்ட்ராக்டர். மனைவி கேட்ட வாரமே சுத்தியலோடு வந்து மேடையில் பாதியை உடைத்தார். அவர் தொழில் தர்மம் அப்படி. வேலை ஒப்புக்கொண்ட வீட்டில் முதல் நாளே கொஞ்சம் உடைத்துவிட வேண்டும். அதன்பின் வீட்டுக்காரர்களுக்கு மனம் மாறாது. உடைத்துவிட்டு, மற்ற வாடிக்கையாளர்களை நடத்துவது போலவே, பாரபட்சமில்லாமல் மனைவியையும் நடத்தினார். அதாவது, அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்டவ் தரைக்கு இறங்கியது. பாஞ்சாலியின் முதுகும் கூடவே இறங்கியது. ஞாபகப்படுத்தும்போதெல்லாம் நாளைக்கு ஆள் வருது என்பார். கோடை முழுக்க அந்த ஆள் வந்துகொண்டே இருந்தான். மழைக்காலத்தில் அவள் பொறுமை தீர்ந்து, பக்கத்து பிளாக் அன்வரி பேகத்தின் பாத்ரூமை மாற்றிக் கட்டிய வேளச்சேரி கான்ட்ராக்டர் செம்பியனின் நம்பரை வாங்கி, வரச் சொன்னாள்.

செம்பியன் வந்தான். டேப்பை நீட்டினான். பாதி மேடையைப் பார்த்ததும் நின்றான்.

"இத யாருக்கா உடைச்சது?"

"எங்க ஊட்டுக்காரரு. பொன்னுரங்கம்."

டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. அக்கா, அண்ணி ஆனாள்.

"அண்ணன் உடைச்ச எடத்துல நான் கை வைக்கக் கூடாது அண்ணி. வுட்டுட்டேன்னு அவரு ஒரு வார்த்த சொல்லணும். இல்லாங்காட்டி நாளைக்கு என் சைட்ல இன்னொருத்தன் பூந்துக்குவான்."

இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். நகரத்தில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படும் சொற்பச் சட்டங்களில் ஒன்று என்பதால் அதை மதிக்கத்தான் வேண்டும். செம்பியன் அங்கேயே பொன்னுரங்கத்துக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மிகவும் மரியாதையாக விஷயத்தைச் சொன்னான்.

மறுமுனையில் பொன்னுரங்கம் கணக்குப் போட்டார். சொந்த அடுப்படி வேலையையே விட்டுக்கொடுத்தவன் என்று பெயர் வந்தால், பிறகு எந்த டீக்கடையில் தலைநிமிர்ந்து நிற்பது?

"வுடறதா? இன்னா தம்பி, வேல லைன்லதான் கீது. நாளைக்கு ஆள் வருது."

பாஞ்சாலி மூலையில் கிடந்த கணவரின் சுத்தியலை எடுத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு மீதி மேடையை உடைக்க ஆரம்பித்தாள். செம்பியன் ஒதுங்கி நின்றான். நல்ல கைவாகு என்று பிற்பாடு அன்வரி பேகத்திடம் சொன்னானாம்.

மேடை இருந்த இடத்தில் ஜல்லி மட்டும் மிஞ்சியது.

"கடைசியா உடைச்சது நானு. நான் வுட்டுட்டேன். நீ எடுத்துக்க."

செம்பியன் சட்டத்தை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தான். ஓட்டை எதுவும் தெரியவில்லை. அவளைச் சுவரோடு நிற்கவைத்து, முழங்கை எங்கே வருகிறது என்று பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போட்டான்.

மறுநாளே செம்பியனின் ஆட்கள் வந்துவிட்டார்கள். வேலை முடியும்வரை பாஞ்சாலி சுத்தியலை எடுத்து உள்ளே வைக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். பொன்னுரங்கம் முதல் நாள் யாரோடும் பேசவில்லை. இரண்டாம் நாள் மணலைச் சலித்தீர்களா என்று கேட்டார். மூன்றாம் நாள் எப்போது முடியும் என்று கேட்டார். எங்களாண்ட வுட்டுட்டீங்க இல்ல, டென்ஷன் ஆவாதீங்க சார் என்றார்கள். தம்மிடம் வேலை கொடுத்த காந்தி நகர்ப் பெண்மணிகளிடம் தாம் சொல்லிவந்த வார்த்தைகள் கேட்பவருக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு ஆட்களுக்கு டீ வாங்கப் போனார்.

புது மேடையில் பாஞ்சாலி நிமிர்ந்து நின்று வெங்காயம் நறுக்கினாள். பொன்னுரங்கம் பக்கத்தில் வந்து நின்றார். கிரானைட் அவர் விலாவுக்கு வந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மட்டம் சரியாகத்தான் இருந்தது.

"ஹைட்டு கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டானே?"

"எனக்கு கரீட்டா கீது. உனுக்கு எட்டலன்னா பலகை போட்டுக்க."

பொன்னுரங்கம் மேடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார்.