பழைய இடத்தை ஏன் விட்டீர்கள்?

என் மனைவி வீட்டில் வயலின் வகுப்பு நடத்துகிறாள். வகுப்புக்கென்று ஒரு வெப்சைட் உண்டு. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை வைத்திருந்த ஒருவர்தான் அதை உருவாக்கி, அதை நெட்டில் ஓடவைக்கும் ஹோஸ்டிங்கையும் வருடாவருடம் பார்த்துக்கொண்டார். சைட் படுத்துவிட்டால் நாங்கள் கூப்பிட வேண்டியதே இல்லை. அவரே முந்திக்கொண்டு, "அரமணி நேரம் குடுண்ணா, ஏத்தி வுட்டுடறேன்" என்பார். பணம் வாங்க வரும் சாக்கில் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, "அக்கா காபிக்கோசரமே இந்த பிசினஸ்ல கீறேன்" என்று சிரிப்பார்.

இவரை விட்டுத்தான் நான் ஓடினேன். கைப்பேசியில் ஓயாமல் வந்த ஒரு ஹோஸ்டிங் கம்பெனி விளம்பரம், முதல் வருடம் பாதி விலைக்கும் கீழே என்றது. மிச்சமாகும் தொகை, நாலு பேர் ஓட்டலில் ஒரு வேளை டிபன் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். ஆனாலும் மலிவு என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. "அமெரிக்காவுல இருக்கற மச்சினன், தானே பாத்துக்கறேங்கறான்ப்பா" என்று புளுகினேன்.

"அதுக்கின்னாண்ணா, குடும்பத்துல ஆள் கீறது நல்லதுதானே" என்றவர், மாற்றுவதற்கு வேண்டியதையெல்லாம் அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

அதன்பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டேன். வேறு கடைப் பையோடு பழைய மளிகைக் கடையைத் தாண்டக் கூசுபவன் மாதிரி, குளத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். சில மாதம் கழித்துத் தெருமுனையிலிருந்து பார்த்தால் மாடியில் அவர் போர்டு இல்லை. என்னைப்போல் எத்தனை பேர் கழன்றுகொண்டார்களோ. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. இனிமேல் சுற்ற வேண்டாம்.

விஜயதசமிக்கு முந்தின நாள் சைட் படுத்துவிட்டது. புதுப் பிள்ளைகள் சேரும் சமயம். மனைவி கையைப் பிசைந்தாள். மலிவுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அவர்கள் போட்ட இசையைக் கேட்டுக் காது புளித்த பிறகு ஒரு குரல் வந்தது.

"வணக்கம் சார். உங்க வெப்சைட் பேர் சொல்லுங்க."

சொல்லும்போதே குரல் பிடிபட்டுவிட்டது. அந்தப் பெயரை வைத்தவரே அந்த மாடி அறைக்காரர்தான். மறுமுனையில் கீபோர்டு தட்டும் ஓசை கேட்டது.

"ஒரு ஃபைல் கெட்டுப்போயிருக்கு சார். லைன்லயே இருங்க."

சற்று நேரத்தில் சைட் எழுந்துவிட்டது. "அக்கா போட்டோவும் வராம இருந்துச்சு. அதையும் சரி பண்ணிட்டேன் சார்."

ஒரு தடவை அண்ணா என்று கூப்பிடமாட்டாரா என்று இருந்தது. நானாவது "நீதானேப்பா" என்று கேட்டிருக்கலாம்.

"கடைசியா ஒரு கேள்வி சார், எல்லா கஸ்டமர் கிட்டயும் கேக்கணும். பழைய இடத்தை ஏன் விட்டீங்க? விலையா, சர்வீஸ் சரியில்லையா?"

இந்த இடத்தில் மச்சினனை இழுக்க முடியாது. கூனிக் குறுகிப்போய், "விலைதான்" என்றேன்.

"சர்வீஸ்ல கொறை ஒண்ணும் இல்லியே?" இது கம்பெனி எழுதிக்கொடுத்த கேள்வி இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"இல்லப்பா. ஒரு குறையும் இல்ல."

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டார்.

கூடத்திலிருந்து மனைவி கேட்டாள். "சரியாயிடுத்தா? யார் பண்ணிக் குடுத்தா?"

"கம்பெனி ஆள், யாரோ" என்றேன்.