சென்னிமலையின் கட்டைவிரல்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் சென்னிமலைக்குத் தன் கத்தரிக்கோலை இன்னொருவர் தொட்டால் பொறுக்காது. வேலை முடிந்ததும் அதைத் துணியில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார். "அதுக்குக் குடுக்கற மரியாதையில பாதி எனக்குக் கெடச்சாப் போதுமுங்க" என்பாள் மனைவி பழனாயி. அவர் சிரிப்பாரே தவிர மறுக்க மாட்டார்.

அறுபத்தெட்டு வயதில் அவருடைய வலது முன்னங்கையில் சிவப்பாக ஒரு கட்டி முளைத்தது. கோயமுத்தூரில் அதை வெட்டி எடுத்த டாக்டர், தோலில் அபூர்வமாக வரும் புற்றுநோய் என்றார். நரம்புக்கும் பரவக்கூடியது, எங்காவது மரத்துப்போனால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். காயம் ஆறி வேலைக்குத் திரும்பியபோது, கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு புதுக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார்கள். "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குதுங்க" என்றார் சென்னிமலை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மூன்றாம் மாதம் வலது கட்டைவிரல் மரத்துப்போனது. சோற்றைப் பிசைந்தால் அந்த விரலில் சூடு உறைக்கவில்லை. நாலு நாள் மறைத்தார். ஐந்தாம் நாள் கண்டுபிடித்த பழனாயி, கோயமுத்தூர் பஸ் ஏற்றிய பிறகுதான் திட்டவே ஆரம்பித்தாள். அவிநாசி வரைக்கும் திட்டினாள். அப்புறம் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நரம்புக்குப் போய்விட்டதோ என்ற பயம் இரண்டு பேருக்கும்.

டாக்டர் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, மறுநாள் காலையில் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சாலும் குண்டூசியாலும் கை முழுக்கத் தொட்டுப் பார்த்தார். எங்கே தொட்டாலும் தெரிந்தது. கட்டைவிரலின் ஒரு பக்கம் மட்டும் தெரியவில்லை. யோசனையோடு தலையணையைச் சரிசெய்யப் போனவரின் கையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது.

"இது என்ன?"

"என்ற கத்தரிக்கோலுங்க. ஊட்டுல வெச்சா யாராச்சும் எடுத்துருவாங்க."

பழனாயி தலையில் கைவைத்துக்கொண்டாள். டாக்டர் கோபிக்கவில்லை. "விரலை விட்டுக் காட்டுங்க" என்றார்.

வளையம் கட்டைவிரலைக் கவ்விப் பிடித்தது. அது அழுத்திய இடமும், பஞ்சு தெரியாத இடமும் ஒன்றாகவே இருந்தன.

"இறுக்கமா இருக்கே. தினம் எவ்வளவு நேரம் வெட்டறீங்க?"

"எட்டு மணி நேரமுங்க. கூட வேலை செய்யறவங்க ஆசையாக் குடுத்ததை எப்படிங்க குத்தஞ் சொல்றது?"

"நரம்பு நசுங்கித்தான் மரத்திருக்கு. எதுக்கும் அந்த நீரோட முடிவு வரட்டும்."

இரண்டு நாளில் முடிவு வந்தது. நோயின் தடயமே இல்லை. பழனாயி டாக்டர் முன்னாலேயே அழுதாள், உடனே சிரித்தாள், திருப்பூர் வரும் வரைக்கும் திட்டினாள். சென்னிமலை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

வளையத்தைப் பட்டறையில் கொடுத்து அகலமாக்கிக்கொண்டார். ஏன் என்று கம்பெனியில் மூச்சுவிடவில்லை. இரண்டு மாதம் போயிருக்கும். துணி அடுக்கில் யாரோ மறந்துவிட்ட குண்டூசி சுருக்கென்று கட்டைவிரலில் ஏறியது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"வலிக்குதுங்க" என்றார் சென்னிமலை, முகமெல்லாம் சிரிப்பாக. "நல்லா வலிக்குதுங்க."

பழனாயியிடம் சொல்வதற்கு ரத்தம் வடியும் விரலோடு அப்படியே வீட்டுக்கு ஓடினார். கத்தரிக்கோல் மேசையிலேயே கிடந்தது.