கொடியில்லாத அணியும் தவம் அண்ணையும்

எங்கள் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற கடையில் நேற்று தொலைக்காட்சியில் பனிக்கால ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருந்தது. சறுக்கி வந்த ஒருவனின் பெயருக்குப் பக்கத்தில் நாட்டுக்கொடி இல்லை. கடித்த வடையைக் கையில் வைத்தபடியே இருந்துவிட்டேன்.

எனக்கு இந்த விளையாட்டுகளைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. முப்பது வருசத்துக்கு மேலாக இந்தப் பிரெஞ்சு நாட்டில் இருந்தும், பனியில் இரண்டு தரம் வழுக்கி விழுந்ததுதான் என்னுடைய சாதனை. ஆனால் கொடியில்லாத ஆளைக் கண்டால் தவம் அண்ணை நினைவில் வந்துவிடுவார்.

நான் வந்த புதிதில், பக்கத்திலே மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் ஒரே அறையில் ஏழு பேர் கிடந்தோம். ஏழு பேருமே அகதி விண்ணப்பக்காரர்கள். அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவனின் கேஸ் கடிதத்தில் மற்றவன் கை வைக்கக்கூடாது. முருகன் படத்தடியில் வைத்து, திருநீறு பூசி, உரியவன் வரும்வரை விடவேணும். இன்னொருவன் தலையிட்டால் கேஸ் தள்ளுபடியாகும் என்று நம்பினோம். சிரிக்காதேங்கோ, ஏழு பேரும் படித்தவர்கள்.

அந்த ஏழு பேரில் தவம் அண்ணை மேன்முறையீட்டு விசாரணைக்குக் காத்திருந்தவர். சோவியத் நாடு உடைந்த கையோடு அல்ப்ஸ் மலையில் ஒலிம்பிக் நடந்ததல்லவா, அங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவப் போனார். "கடிதப்பெட்டியை ஒருக்காப் பாத்துக்கொள்ளடா தம்பி" என்றார்.

போய் நாலாம் நாள் பதிவுத்தபால் வந்ததற்கான துண்டு பெட்டியில் கிடந்தது. படத்தடியில் வைத்தேன், திருநீறும் பூசினேன். தபாற்கந்தோரில் இருக்கிற கடிதம் எங்கே ஓடப்போகுது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்துக் கீழ்க்கடைப் போனுக்கு அழைப்பு எடுத்தார். ஒரே சந்தோசம்.

"டேய், உடைஞ்ச நாட்டுக்காரரும் அணிவகுப்பிலை வந்தவங்களடா! தங்கடை கொடி இல்லை, ஒலிம்பிக் கொடியைப் பிடிச்சுக்கொண்டு! குசினியிலை சமைக்கிற கிழவன் சொல்றான், பெரிய உலகச் சண்டை முடிஞ்சு நடந்த முதல் பனி விளையாட்டுக்கு ஜெர்மன்காரனையும் ஜப்பான்காரனையும் கூப்பிடேல்லையாம். அடுத்ததுக்குக் கூப்பிட்டவையாம். பாரன், எங்களையும் ஒருநாள் கூப்பிடுவினம்."

துண்டு வந்த கதை நாக்கு நுனியில் நின்றது. கேஸ் விசயத்தைப் போனில் சொல்லக்கூடாது, நேரில் வந்து தன் கையாலேயே எடுக்கட்டும் என்று விழுங்கிவிட்டேன்.

விளையாட்டும் ஹோட்டல் வேலையும் முடிந்து வந்தவர் திருநீற்றைத் தட்டிவிட்டுத் தபாற்கந்தோருக்கு ஓடினார். பதினைந்து நாள்தான் வைத்திருப்பார்களாம். கடிதம் திரும்பிப் போய்விட்டது. விசாரணைக்கான அழைப்பு அது என்று பிறகுதான் தெரிந்தது. விசாரணை நாளும் போய், ஆள் வரவில்லை என்று கேஸும் தள்ளுபடி.

"சாமியடியிலைதானே வைச்சனி, விடு" என்றார். அதைவிட என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

சில மாதத்தில் பொலிஸ்காரர் அவரை ரயிலடியில் பிடித்து விமானம் ஏற்றிவிட்டார்கள். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அதோடு சரி. கேட்காத ஆளில்லை, விசாரிக்காத இடமில்லை. ஊரில் எங்கள் சண்டையும் முடிந்துவிட்டது. எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போக அவர் இல்லை.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அறைக்காரர்கள் ஆளுக்கொரு நாட்டில். எனக்கு எப்போதோ பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் பதிவுத்தபால் துண்டு வந்தால், அது வங்கிக் கடிதமாக இருந்தாலும், போட்டது போட்டபடி ஓடுவேன். போன மாதம் வீட்டுச் செருப்போடேயே போய் வரிசையில் நின்றேன்.

"என்னப்பா, நாளைக்கு எடுத்தால் என்ன?" என்று மனுசி சிரிப்பாள். அவளுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.