எட்டு வெள்ளெலிகளும் ஒரே கூண்டில்

அன்று மாலை ஐந்து மணிக்கு உறுதியானது இவ்வளவுதான்: எட்டு எலிகளும் உயிரோடு இருந்தன. சொன்னவர், அவற்றைக் கூண்டு மாற்றிய முருகேசன்!

எழுபதுகளில் ஒரு நாள், சின்ன காஞ்சிபுரம். நான் அந்த வட்டாரத்து நிருபர். முருகேசன் நெசவாளி. அவர் தங்கை கௌரி சென்னையில் ஆராய்ச்சி மாணவி. ஆய்வுக்கூடத்தில் பூச்சிமருந்து அடித்ததால், எட்டு எலிகளை, பெட்டிக்கு நான்காக இரண்டு பெட்டிகளில், இரண்டு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதைச் செய்தியாக்கப் போனேன்.

(பட்டு நெய்யும் வீட்டில் எலிக்கு உபசாரம்! விடுவேனா?)

போனால், கௌரி கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா பண்ணி வச்சிருக்கே? ரெண்டு பொட்டியும் வேற வேற இனம்!"

"ஒரு பொட்டி மூடி ஆடிக்கினு இருந்துச்சும்மா. தறியில கல்யாணப் பொடவைக்குப் பாவு ஏத்தியிருக்குது. எலி பூந்து நூலைக் கடிச்சா? அதான் எட்டையும் ஒரே இரும்புக் கூண்டுல போட்டேன். எல்லாம் வெள்ளைதானே!"

கண்ணுக்கு வெள்ளைதான். ஆனால் நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல் இருக்கும் புரதம் இனத்துக்கு இனம் வேறு. தன்னுடையது எது, அயலானது எது என்று உடல் அதை வைத்தே அறிகிறது. அந்தப் புரதத்தின் அமைப்பை ஒப்பிடத்தான் இந்த எலிகளை எட்டு மாதம் தயார் செய்திருந்தார் கௌரி. எது எந்த இனம் என்று தெரியாவிட்டால் எட்டு மாத உழைப்பும் வீண்.

"காதுல அடையாளம் போடலையாம்மா?" என்று கேட்டேன்.

"பொட்டிதான் வேறயாச்சேன்னு விட்டுட்டேன் சார்."

மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் சென்னை கிளம்பினோம். கூண்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை முருகேசன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னக் குப்பியில், இனத்தைக் காட்டிக்கொடுக்கும் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) மிச்சம் இருந்தது. ஒவ்வொரு எலியின் ரத்தத்திலும் ஒரு துளி விட வேண்டும். முதல் இனமாக இருந்தால் ரத்தம் திரியும். இரண்டாவது இனமென்றால் திரியாது.

எட்டுக் குழாய்களையும் கௌரி மூன்று முறை எண்ணினார்.

ஐந்து திரிந்திருந்தன. நான்குதான் திரிந்திருக்க வேண்டும்!

"அஞ்சாவது நம்ம வூட்டு எலியா இருக்குமோ?" என்றார் முருகேசன்.

"நம்ம வூட்டுது கருப்புண்ணா. சும்மா இரு."

ஐந்தில் ஒன்று தவறு. எது என்று தெரியவில்லை. குப்பியும் காலி.

பெங்களூரில் ஒரு தோழியிடம் அதே சீரம் இருந்தது. டிரங்க் கால் போட்டார் கௌரி. புதன்கிழமை காலை ரயிலில் ஐஸ் பெட்டியில் வரும் என்று பதில் கிடைத்தது.

அன்று திங்கட்கிழமை.